பன்னிரண்டு சதவீதம்

மூன்றாவது முறை சொட்டு மருந்து விழுந்ததும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் முள் இல்லாமல் போய்விட்டது. வட்டமாக, வெள்ளையாக ஏதோ ஒன்று அங்கே தொங்குகிறது, அவ்வளவுதான். "கண்ண மூடியே வெச்சிருங்கப்பா, நடுநடுவுல தொறந்து பாத்தீங்கன்னா கண்பாப்பா விரியாது, அப்பறம் மறுபடி ஊத்தோணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்குப் போனாள். இங்கே வருகிற ஆண்கள் எல்லோரும் அவளுக்கு அப்பாதான். சர்க்கரை இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருதரம் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும் என்பதால் வந்தேன். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் மருந்து உள்ளே இறங்கித் தொண்டையின் பின்பக்கம் கசக்கும்போது இருக்குமோ என்று தோன்றத்தான் செய்கிறது. கையில் போன். படிக்க முடியாத போனை ஏன் இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அதில் காலையில் நான் தெளிவாகப் பார்த்தது ஓர் எண், பன்னிரண்டு சதவீதம். போன மாதம் அது நாலாக இருந்தது. அதே போனில் இன்னொன்றும் இருக்கிறது, சுகந்திக்கு அடித்து அனுப்பாமல் வைத்திருக்கும் சில வரிகள். மகள் அபிநயாவின் பிரசவத்துக்கென்று டொராண்டோ போனவள் சுகந்தி, ஆறு மாதம் முடிந்து அடுத்த வாரம் திரும்ப வேண்டியவள். இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டுங்களா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். டிக்கெட்டை மாற்றுவதென்றால் இன்றைக்குள் மாற்றிவிட வேண்டும், யோசித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அபிநயா நேற்று செய்தி அனுப்பியிருந்தாள். உன் இஷ்டம் என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது. சுகந்தி என்னோடு இருந்ததெல்லாம் போதும் என்று முடிவு செய்துவிட்டாள், அதை நல்ல வார்த்தையில் கேட்கிறாள், நானும் நல்ல வார்த்தையில் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லிவிடலாம் என்றுதான் அடித்தேன். அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்திருந்தபோது நர்ஸ் தலையைச் சாய்க்கச் சொன்னாள்.

மூடிய கண்ணுக்குள் இருட்டாக இருக்கும் என்று பார்த்தால் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு மிதக்கிறது. இந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லாததால் தனியாகப் படித்துத் தனியாகவே தப்பாகப் புரிந்துகொண்டு பிறகு திருத்திக்கொண்டேன். அமெரிக்கச் சந்தையில் ஒரு ஃபண்டு இருக்கிறது. ஜப்பான், சுவிட்சர்லாந்து, தைவான் என்று வெளிநாடுகளின் கம்பெனிகளையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, கூடையைத் துண்டு துண்டாக யூனிட் என்று விற்கிறார்கள். சாதாரணப் பங்கைப்போலவே அதையும் சந்தை நேரத்தில் வாங்கலாம், விற்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த வருஷம் நானும் கொஞ்சம் வாங்கினேன். சுகந்தி வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் சண்டையெல்லாம் இல்லை, "கண்ணுல பாக்காத ஊருக் கம்பெனி நமக்கெதுக்குங்க" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே. அவள் போன பிறகு அந்த ஃபண்டு எனக்கு ஒரு துணைபோல ஆகிவிட்டது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கோயமுத்தூரில் சாயங்காலம் ஆகி, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து, தெருவில் சத்தம் அடங்குகிற நேரத்தில் அங்கே சந்தை திறக்கும். எண்கள் அசைய ஆரம்பிக்கும். வீட்டில் வேறு எதுவும் அசையாத நேரம் அது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அந்தப் பக்கத்தின் அடியில் ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்று ஒரு வரியைப் பார்த்தேன். ஒருவன் தன்னிடம் இல்லாத யூனிட்டை இன்னொருவனிடம் கடனாக வாங்கி விற்கிறான். விலை இறங்கினால் குறைந்த விலைக்கு வாங்கி, கடன் கொடுத்தவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வான். ஏறினால் அவனுக்கு நஷ்டம். இப்படிக் கடன் வாங்கி விற்கப்பட்டு இன்னும் திருப்பப்படாமல் மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனை யூனிட் இருக்கிறது என்பதுதான் அந்த வரி. மாதத்துக்கு இரண்டு தடவை, அதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வரும். நமக்குத் தெரிய வரும்போது அவர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்கள். இது விழும் என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டுகிற எண் அது, அப்படித்தான் எனக்குப் பட்டது. நாலு என்பது பன்னிரண்டு ஆகியிருக்கிறது. நான் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், எனக்குத் தெரியாமல், மூன்று மடங்கு பேர் அது விழப்போகிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அது என்னைக் குறித்த எண் இல்லை, தெரியும். தெரிந்தும் காலையில் அதைப் பார்த்தவுடன் போட்ட காபியை மேஜையிலேயே ஆற விட்டுவிட்டேன். பெயரைக்கூட உச்சரிக்க வராத கம்பெனிகள், எங்கேயோ உட்கார்ந்திருக்கும் யாரோ, அவர்கள் எதற்கு எதிராகப் பந்தயம் கட்டினால் எனக்கென்ன. ஆனால் நான் அதை என்னுடையதாக வைத்திருந்தேன், என் தீர்மானம், சுகந்தி வேண்டாம் என்றபோது நான் சரி என்று நின்ற இடம். அவள் பக்கத்துக்கு ஆள் சேர்ந்துகொண்டே போவதுபோல இருந்தது. அவள் எப்போதும் எதிர்ப்பக்கம்தானே. விருப்ப ஓய்வு வேண்டாம் என்றாள். மாடியில் தகரக் கூரை போட வேண்டாம் என்றாள். மகளை அவ்வளவு தூரத்தில் கொடுக்க வேண்டாம் என்றாள், கொடுத்த பிறகு முதலில் விமானம் ஏறியதும் அவள்தான். அங்கே போய் இறங்கியதும் குரலே மாறிவிட்டது. ஐஸ் கொட்டுகிறது, ஜன்னலில் அணில் வருகிறது, குழந்தை கொட்டாவி விடுகிறது என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். இங்கே இருபத்தொன்பது வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அல்லது சிரித்தபோது நான் கேட்கவில்லை, இரண்டில் எது என்று இப்போது யாரைக் கேட்பது. போனில் பேசும்போது நான் இங்கே நடப்பதைச் சொல்வேன், சொல்ல ஒன்றும் இருக்காது. மாவு அரைத்தேன் என்பேன். ஒரு ஆளுக்கு அரைத்த மாவு புளித்துப் போகிற வேகம் அவளுக்குத் தெரியாது. தேங்காய் மூடி ஃப்ரிட்ஜில் பூசணம் பிடிக்கும்வரை இருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் புகார்போல இருக்கும், எனக்குப் புகார் இல்லை, ஆகவே மாவு அரைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். "நல்லாச் சமாளிக்கறீங்" என்பாள். அந்தச் சொல் எனக்கு ஒரு சான்றிதழ்போலக் கேட்கும், வேலையிலிருந்து விடுவிக்கும்போது கொடுப்பார்களே, அந்த மாதிரி. பிறகு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டுங்களா. ஆறு மாசம் என்பது ஒரு வருஷமாகும், ஒரு வருஷம் ஆன பிறகு திரும்பி வருவது எதற்கு என்று இரண்டு பேருக்குமே தோன்றிவிடும். மெதுவாக, யாரும் யாரையும் குற்றம் சொல்லாமல், நல்லபடியாகவே முடிந்துவிடும்.

"ஏனுங், உங்களுக்கும் பகல்ல வந்த பெருச்சாளி மாதிரி கண்ணு கூசுதுங்களா?" என்று வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல். கண்ணைத் திறந்தேன். வெள்ளைச் சட்டையாக ஒரு பரப்பு, அதன் மேலே முகமாக ஒரு பரப்பு. "எனக்கு ரெண்டாந்தரம் ஊத்தீருக்காங்க. விளக்கு ஒவ்வொண்ணும் பூசணிக்காயாத் தெரியுது" என்றார். அவினாசியாம், பனியன் கம்பெனி வைத்திருக்கிறாராம், பேர் நாச்சிமுத்து. நானும் தெய்வசிகாமணி என்று சொன்னேன். "பேரு நல்ல நீளம், கூப்புடறவங்களுக்குத்தான் சிரமம்" என்று சிரித்தார். கூட யாரும் வரலையா என்று கேட்டார். இல்லை என்றேன். "மருந்து ஊத்தினா தனியாப் போகப்படாதுன்னு சீட்டுலயே போட்டிருக்குதே, ஆட்டோவுலயா போவீங்? காசக் குடுக்கறப்ப நூறா ஐநூறான்னு தெரியாதுங்களே" என்றார். சமாளிச்சுக்குவேன் என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்தே வந்தபோது எனக்கே பிடிக்கவில்லை. அவருக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், பச்சையாக ஒரு சேலை, வளையல் சத்தம். "என்ற மருமகளுங், மேனகா. கூட வராட்டி நான் ஆசுபத்திரியே வரமாட்டேன்னு இவளுக்குத் தெரியும்" என்றார். "ஆமா, போன தடவ பாதியில எந்திரிச்சுப் போய் வெளிய பஜ்ஜி தின்னுட்டு இருந்தாருங் சார். சக்கரைக்குப் பாக்க வந்த ஆளு" என்றாள் அவள். "பஜ்ஜியில எங்க சக்கரை இருக்குது?" என்றார் அவர். இருவரும் அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டார்கள், அவளுக்கு அவரிடம் பயம் இல்லை, அவருக்கு அவளிடம் கொஞ்சம் இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் சண்டைபோடுகிற சத்தம் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் இருந்தது இந்தச் சத்தம், அம்மா உயிரோடு இருந்தபோது, அபிநயா கல்யாணத்துக்கு முன்னால். அப்போது அதைச் சத்தம் என்றுதான் நினைத்தேன், கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படித்தேன்.

பன்னிரண்டு மறுபடி வந்தது. சாயங்காலம் சந்தை திறந்தவுடன் விற்றுவிடலாமா. ஒருவேளை நான் தப்பாகப் படித்திருந்தால், ஒன்று புள்ளி இரண்டு என்பதைப் பன்னிரண்டு என்று பார்த்திருந்தால். போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன், தள்ளிப் பிடித்தேன், எந்தத் தூரத்திலும் எழுத்து இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது. ஒருவரிடம் உதவி கேட்பது எனக்குக் கஷ்டம். கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நாச்சிமுத்து, "அம்மிணி, அவருக்கு என்னமோ படிக்கோணுமாட்ட இருக்குது, வாங்கிப் பாரு" என்று சொல்லிவிட்டார். போன் என் கையிலிருந்து போய்விட்டது. "பூட்டு எடுத்துத்தான் இருக்குதுங்" என்றாள் மேனகா. "என்ன படிக்கோணுங் சார்? வாட்ஸப்புத்தான் தொறந்திருக்குது, இதுங்களா?" நான் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அவள் கணக்கு வாசிக்கிற குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், வாசித்துவிட்டாள். "நீ அங்கேயே இருந்துகொள். எனக்கு இங்கே எந்தச் சிரமமும் இல்லை. யாரும் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். டிக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம்." வாசித்து முடித்து அவள், "பேரு சுகந்தின்னு போட்டிருக்குதுங். அனுப்பட்டுங்களா?" என்று கேட்டாள். நான் எழுதிய சொற்கள்தான். எழுதும்போது அவை பெருந்தன்மையாக இருந்தன, அவளுக்குச் சுதந்திரம் கொடுக்கிறேன் என்று எழுதினேன். வேறொரு வீட்டுப் பெண்ணின் வாயில், யாருக்கும் வேண்டாத ஒருவன் கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்டது. பக்கத்தில் நாச்சிமுத்து பேச்சை நிறுத்திவிட்டார். எல்லாரிடமும் பேசுகிற மனிதர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அவமானமாக இருந்தது. "அனுப்பட்டுங்களா சார்? இந்த அம்பைத் தொட்டாப் போயிருமுங்" என்றாள் மறுபடி. அவள் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாமல் தொட்டுவிட்டாலும் போய்விடும், இங்கே வெயில் சாய்கிற நேரம், டொராண்டோவில் இப்போது விடிந்துகொண்டிருக்கும், சுகந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருப்பாள், போன் ஒளிரும். "வேண்டாங்க, வேண்டாம்" என்றேன், சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, எதிர்வரிசையில் யாரோ திரும்பினார்கள். "நான் பாக்க நெனச்சது வேற. பக்கத்துல இன்னொரு பக்கம் திறந்திருக்கும், ஒரு ஃபண்டு. கீழ ஷார்ட் இன்ட்ரஸ்ட்னு ஒரு வரி."

அவள் தேடினாள். வளையல் சத்தம். நான் என் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். "ம், இருக்குதுங். ஷார்ட் இன்ட்ரஸ்ட், பன்னெண்டு சதவீதம். முந்தி நாலு" என்றாள். அப்போ சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். "அதுக்குக் கீழ எண்ணாவும் போட்டிருக்குதுங், படிக்கட்டுங்களா? கடன் வாங்கி வித்த யூனிட்டு, ஒன்னு புள்ளி ரெண்டு மில்லியன். முந்தியும் ஒன்னு புள்ளி ரெண்டுதான்." முந்தியும் அதேவா என்று கேட்டேன். "அதேதானுங். மாறவே இல்ல. மொத்த யூனிட்டுத்தான் மாறியிருக்குது. முந்தி முப்பது மில்லியன். இப்பப் பத்து." நாச்சிமுத்து, "அதென்ன அம்மிணி, துணியா?" என்று கேட்டார். "துணி இல்ல மாமா, சும்மா இருங்க" என்றாள். பன்னிரண்டு லட்சம் யூனிட், அன்றும் பன்னிரண்டு லட்சம், இன்றும் பன்னிரண்டு லட்சம். எதிராக நின்றவர்கள் ஒருவர்கூட அதிகமாகவில்லை. கூட இருந்தவர்கள்தான் போய்விட்டார்கள். இந்த ஃபண்டில் அது நடக்கும், பெரிய நிறுவனங்கள் யூனிட்டுகளை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்து உள்ளே இருக்கும் பங்குகளை வாங்கிக்கொண்டு போவார்கள், யூனிட் கரைந்துவிடும், மொத்தம் சுருங்கும். மூன்று கோடி ஒரு கோடி ஆகும். அப்போது அதே பன்னிரண்டு லட்சம் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். மேல் எண்ணைப் பார்த்த நான் கீழ் எண்ணைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் இன்சூரன்ஸில் இருந்தவன் செய்கிற தப்பா இது. பிரிமியம் குறைந்த வருஷத்தில் அதே நாலு தீவிபத்துக்கு நஷ்ட விகிதம் எகிறும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும், விபத்து கூடவில்லை ஐயா வியாபாரம் குறைந்திருக்கிறது என்று நானே எத்தனை பதில் எழுதியிருப்பேன். அந்தப் பன்னிரண்டு லட்சமும் விரோதிகள் என்று யார் சொன்னது, அதையும் நானாகத்தானே சேர்த்துக்கொண்டேன். ஜப்பான் பங்குகளைக் கை நிறைய வைத்திருப்பவன், அவை விழுந்தால் தாங்குவதற்காக இதைக் கொஞ்சம் விற்று வைத்திருப்பான், நாங்கள் எழுதிய பாலிசியின் பாதியை இன்னொரு கம்பெனியிடம் மறுகாப்பீடு செய்துவைத்ததுபோல. விழ வேண்டும் என்று ஆசைப்பட்டா செய்தோம். பயத்தில் செய்தோம், எவ்வளவு என்பதைத்தான் அந்த வரி சொல்லும், எதற்காக என்று சொல்லாது.

கண்ணை மூடிக்கொண்டேன். ஆரஞ்சு. வீட்டில் நாலு பேர் இருந்தோம். அம்மா, அபிநயா, சுகந்தி, நான். அப்போதும் சுகந்தி வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், சாம்பாரில் பெருங்காயம் வேண்டாம், அந்தச் சட்டை வேண்டாம், லோன் வேண்டாம். அம்மா ஒரு பக்கம் சேருவாள், அபிநயா இன்னொரு பக்கம் சேர்ந்து கேலி செய்வாள், அந்த வேண்டாம் எங்கே போயிற்று என்று ராத்திரிக்குள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிறகு அபிநயா போனாள். பிறகு அம்மா. சுகந்தியின் வேண்டாம் அதே அளவுதான் இருந்தது, ஒரு குன்றிமணி அளவும் கூடவில்லை, அவள் அப்படியேதான் இருந்தாள், ஆனால் அது இப்போது வீட்டில் பாதி. சாப்பாட்டு மேஜையில் அவள் வேண்டாம் என்றால் மேஜையின் பாதி வேண்டாம் என்றது. நான் நினைத்தேன், இவள் மாறிவிட்டாள், என்னோடு ஒத்துப்போகிற மனது இவளுக்குக் குறைந்துகொண்டே வருகிறது என்று. நானும் என் பங்குக்குப் பேச்சைக் குறைத்தேன். வீடுதான் குறைந்திருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. இது எனக்கு இப்போது ஆறுதலாக இருக்கிறதா, இல்லையா. நான் ஆறுதலைத் தேடிப் பிடித்துக்கொள்கிற ஆள், என் கணக்குகளை நானே சந்தேகப்பட வேண்டும். ஒரு ஃபண்டில் சரியாக வருகிற கணக்கு ஒரு பெண்ணின் மனதில் சரியாக வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவள் உண்மையாகவே அங்கே இருக்க ஆசைப்படலாம். அங்கே குழந்தை, ஜன்னலில் அணில், பேச அபிநயா, அங்கே ஆட்கள் அதிகம், அவளுடைய வேண்டாம் அங்கே யாரையும் பாதிக்காது, கரைந்துபோகும், அதனால் சிரிக்கிறாள். எதற்காகக் கேட்டாள் என்று அந்தக் கேள்வியில் இல்லை. இருந்துட்டு வரட்டுங்களா. வரட்டுங்களா என்றுதானே கேட்டாள். இருக்கிறேன் என்று சொல்லவில்லை. கேட்டவளுக்கு நான் பதில் சொன்னேனா. உன் இஷ்டம் என்பது பதிலா. ஃபண்டு விஷயத்தில் யூனிட்டைக் கடன் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதுதான் விதி. ஆனால் அவன் கேட்க வேண்டும். கேட்காதவரைக்கும் அவனுக்கு வேண்டாம்போல என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அவனும் தன் கணக்கில் அது இருப்பதாகவே பார்த்துக்கொண்டிருப்பான், மாதக்கணக்கில்.

"சார், போன வாங்கிக்கறீங்களா?" என்றாள் மேனகா. வாங்கிக்கொள்ள நீட்டிய கையைப் பின்னால் இழுத்தேன். "அந்த மெசேஜ அழிச்சுருங்க" என்றேன். "அழிச்சுட்டனுங்." "அதே பேருக்குக் கூப்பிட்டுக் குடுக்கறீங்களா?" பிறகு வளையல் சத்தம். "மணி அடிக்குதுங், காதுல வெய்ங்க" என்றாள். "மாமா, எந்திரிங்க, அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்." "எனக்கு ஒண்ணுமே தெரியலயே அம்மிணி, எங்க நடக்கறது?" "நான் கையப் புடிச்சுக்கறேன் வாங்க." அவர்கள் எழுந்துபோன இடம் காலியாக, வெள்ளையாக இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்றும் தோன்றியது.

"ஏனுங்க, இந்நேரத்துக்கு?" என்றாள் சுகந்தி, தணிந்த குரலில், குழந்தை தோளில் இருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. "கண்ணாசுபத்திரிக்குப் போறேன்னீங்களே?" அங்கேதான் இருக்கிறேன், இன்னும் உள்ளே கூப்பிடவில்லை என்றேன். "அப்பறம்?" அப்பறம் என்று அவள் கேட்டால் நான் எப்போதும் மாவு அரைத்ததைச் சொல்வேன். "டிக்கெட்ட மாத்த வேண்டாம். அடுத்த வாரமே வந்துரு" என்றேன். அந்தப் பக்கம் நடை நின்றது. "கண்ணுக்கு என்னாச்சுங்க?" என்றாள். குரல் மாறிவிட்டது. அங்கே எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. ஆமாம் சுகந்தி, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குது என்று இழுத்தால் போதும், பொய்கூட இல்லை, இந்த நிமிஷம் எனக்கு மங்கலாகத்தான் இருக்கிறது, அவள் ஓடி வந்துவிடுவாள். வந்து ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வாள், அவளுக்கும் காரணம் கிடைக்கும், எனக்கும் கேட்ட அவமானம் இருக்காது. "கண்ணு நல்லா இருக்குது" என்றேன். "சக்கரை ஏறிருச்சுங்களா? மறைக்காம சொல்லுங்." "ஏறல. எல்லாம் நல்லாத்தான் இருக்குது." "பின்ன எதுக்குங்க வரச் சொல்றீங்?" எதுக்கு. அதற்கு ஒரு வாக்கியம் இருக்கும், மற்ற ஆண்களுக்குத் தெரிந்திருக்கும். "எதுக்குமில்ல. நீ வரோணும்" என்றேன். தொண்டையில் மருந்தின் கசப்பு. குழந்தை மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது, அல்லது அது சுகந்தியுடையது. "அபிக்குக் கஷ்டமா இருந்தா ஒரு மாசம் கழிச்சு வா. ஆறு மாசம் வேண்டாம்" என்றேன். பேரம் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். "இத ஞாயித்துக்கெழமை சொல்றதுக்கு என்னங்க? உன் இஷ்டம்னீங்க. செரி, இவரு தனியா இருந்து பழகிட்டாரு, இனி நாம போய் நின்னாலும் தொந்தரவாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். அதனாலதான் ஆறு மாசம்னு கேட்டு வெச்சேன். வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தா..." என்று நிறுத்திவிட்டாள்.

"பழகல" என்றேன். "இருங்க, அபிய எழுப்பி டிக்கெட்டத் தொட வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன், வெச்சறாதீங்க" என்றாள். நர்ஸ் உள்ளேயிருந்து என் நீளமான பேரைக் கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் என்று குரல் வந்த திசைக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், அங்கே அபிநயா வீட்டு மரப்படியில் சுகந்தி ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.